அல்லியும் தாமரையும் ஒரே குடும்பம் இல்லையா?

கொடிமுல்லை:
வணக்கம். ரெண்டு வருஷமா செடிகளை அழுத்திக் காயவச்சு, குடும்ப வாரியா தாளில் ஒட்டிட்டு வரேன். அல்லி, தாமரை ரெண்டுக்கும் ஒரே தாள். மேலே 'நிம்ஃபயேசி'ன்னு எழுதியிருக்கேன். நேத்து படிச்ச பாடநூல்ல தாமரையைத் தனியா 'நெலும்போனேசி'ன்னு போட்டு, அதுக்கு நெருங்கின சொந்தம் சில்வர் ஓக் மரம்னு எழுதியிருக்கு. தண்ணியில வளர்ற கொடிக்கும் மரத்துக்கும் என்ன உறவு? அச்சுப்பிழையா?

விதையிலை:
பிழை இல்லைங்க. பெந்தம், ஹூக்கர்னு ரெண்டு தாவரவியலாளர்கள் (1862–1883) அல்லி, தாமரை ரெண்டையும் ஒண்ணாத்தான் வச்சாங்க. அவங்க கையில இருந்தது கண்ணுக்குத் தெரியற பண்புகள் மட்டும்தான். மரபணு வரிசையை வச்சு ஏ.பி.ஜி.ங்கற தாவரவியலாளர் குழு 1998-ல பூக்கும் செடிகளுக்குப் புது வகைப்பாடு கொடுத்தது. 2016-ல வந்த நாலாவது பதிப்புல 64 வரிசை (நெருங்கின குடும்பங்கள் சேர்ந்த தொகுதி), 416 குடும்பம். அந்த வகைப்பாட்டை ஒரு வம்சமரமா நினைச்சா, அல்லி அடிமரத்துக்கிட்டயே பிரிஞ்சுபோன கிளை. ஒருவித்திலை, இருவித்திலைன்னு பிரியறதுக்கும் முன்னாடி! தாமரை உண்மை இருவித்திலைகள்ல, புரோட்டியேலிஸ் வரிசையில நிக்குது. சில்வர் ஓக்கும் அங்கேதான்.

பூத்தளம்:
மரபணுன்னு சொன்னா மட்டும் மனசு ஒப்பாதும்மா, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அல்லி இலையில விளிம்புல இருந்து காம்பு வரைக்கும் ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலை முழு வட்டம், காம்பு நட்டநடுவுல. அடுத்து காய். தாமரையில பூத்தளமே (பூவோட பாகங்கள் ஒட்டியிருக்கற அடிப்பகுதி) கூம்பா வீங்கி, குழிக்கு ஒரு சூலகம்னு தனித்தனியா உட்கார்ந்திருக்கும். அல்லியில எல்லாம் ஒட்டி ஒரே காய், உள்ளே பொடிப்பொடியா விதை.

எனக்கு சந்தேகம் தீர்ந்தது மகரந்தத்துலதான். ஆய்வகத்துல வருஷக்கணக்கா ரெண்டையும் ஒரே குடும்பம்னு சொல்லிக் கொடுத்தவன் நான். தாமரைத் தூளை ஒரு சொட்டுத் தண்ணியில வச்சுப் பார்த்தா துகளுக்கு மூணு பள்ளம் இருக்கும். அது உண்மை இருவித்திலைகளோட அடையாளம். அல்லித் துகள்ல அந்த மூணு பள்ளம் கிடையாது. இத்தனை நாள் பூவோட அழகைப் பார்த்துட்டு தூளைப் பார்க்காம விட்டுட்டோமேன்னு அன்னிக்கு ரொம்ப வருத்தப்பட்டேன்.

கொடிமுல்லை:
ஐயா, தெரிஞ்சவங்க நுண்ணோக்கியில இப்பதான் பார்த்தேன். மூணு பள்ளமும் தெளிவா தெரிஞ்சுது, கை நடுங்கிடுச்சு! தாமரைக்குத் தனித் தாள் போட்டாச்சு. அப்படியே இன்னொண்ணு: எருக்கை 'அஸ்கிளப்பியடேசி'ன்னு வச்சிருக்கேன். அதுவும் மாறிடுச்சா?

பூத்தளம்:
மாறிடுச்சு. இப்போ அரளியோட சேர்த்து அப்போசைனேசி. ரெண்டுலயும் பால் வடியறதை நீங்களே பார்த்திருப்பீங்க. ஆனா எருக்கம்பூவை ஒட்டறதுக்கு முன்னாடி நடுவுல இருக்கற அஞ்சுமூலைத் தட்டு ஓரத்துல ஊசி முனையை மெல்ல விட்டு இழுங்க. மகரந்தம் தூளா உதிராது; கவட்டை மாதிரி ரெண்டு மஞ்சள் பை ஒண்ணா மாட்டிக்கிட்டு வரும். அதையும் அதே தாள்ல ஒட்டிடுங்க.