பழைய பைசைக்கிள் சீட்டுக்கட்டு, எந்த வருஷம்னு சொல்ல முடியுமா?

பழைய சீட்டுக்கட்டு, வித்தியாசமான ஜோக்கர்லாம் சேர்க்கிறவங்க யாராவது இருக்கீங்களா? அமெரிக்காவோட பைசைக்கிள்ங்கிற பிராண்ட் கட்டு ஒண்ணு கைக்கு வந்திருக்கு, ஜோக்கர்ல ராஜா கிரீடத்தோட சைக்கிள் ஓட்டிட்டு போறாரு, செம அழகு. டப்பா மூடியில வரி ஸ்டாம்ப் கிழிஞ்சு ஒட்டியிருக்கு, அங்க சீட்டுக்கான வரிய 1965ல எடுத்துட்டாங்க, அதனால அதுக்கு முந்தினதுன்னு நினைக்கிறேன். ஸ்பேட் ஏஸ்ல ஒரு எழுத்தும் நம்பரும் இருக்கு, எழுத்து வருஷத்தைக் குறிக்கிறது, ஆனா அதே எழுத்து கொஞ்ச வருஷம் கழிச்சு திரும்பவும் வருதே, அப்போ இது எந்த ரவுண்டுன்னு எப்படி பிரிக்கிறது? (ஜோக்கரே 1860கள்ல அமெரிக்காவுல யூக்கர் ஆட்டத்துக்காக வந்த கார்டு, நம்மாளுங்க ரம்மிக்குன்னே பிறந்த மாதிரி பேசுவாங்க.) லேமினேட் பண்ணிடுன்னு ஒருத்தர் சொல்றாரு, எனக்கு மனசே வரல, வேற என்ன பண்ணலாம்? டபுளா ஜோக்கர் வச்சிருக்கவங்க மாத்திக்கிறதா இருந்தாலும் சொல்லுங்க.