1889 வின்செஸ்டரை கௌபாய் போட்டிக்கு எடுத்துப்போகலாமா?

தொண்டித் தம்பி:
சலாம். ஊர் தொண்டி, வேலை ஹூஸ்டனில். கிரீன் கார்டு வந்த கையோடு ஏலத்தில் ஒரு வின்செஸ்டர் 1873 லீவர் ரைபிள் எடுத்தேன், .44-40 தோட்டா போடுவது. சீரியல் நம்பரை வைத்துப் பார்த்தால் 1889-இல் செய்தது. லீவர் வழுக்கிக்கொண்டு போகிறது, குழல் உள்ளே மட்டும் கருகருவென்று கிடக்கிறது. கௌபாய் காலத்து மாடல் துப்பாக்கிகளால் நேரம் பார்த்துச் சுடும் கௌபாய் போட்டியில் இதையே வைத்துச் சுடலாமா? ஊருக்குக் கொண்டுவந்து அத்தாவிடம் காட்டவும் ஆசை.

கீழக்கரைக் காக்கா:
தம்பி, சுடலாம். ஆனால் கடையில் கிடைக்கிற தோட்டாவைப் போட்டுவிடாதே. அது கருமருந்து (புகை கக்கும் பழைய வெடிமருந்து) காலத்து இரும்பு. புகையில்லாத மருந்து பரவியதே 1890களில்தான்.

முதலில் விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டு. 1873-இல் சுடும்போது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைத் தாங்குவது முழங்கால் மாதிரி மடங்கி நிமிரும் இணைப்புகள். அதில் ஆட்டம் இருந்தால் சுவரில் மாட்டிவிட வேண்டியதுதான். அப்புறம் ஈயக் குண்டு ஒன்றைக் குழலில் தட்டி இறக்கி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளந்து பார். கணக்குப்படி .427 அங்குலம், பழைய குழலில் கூடவும் வரும். அதற்கேற்ற குண்டைப் போடாவிட்டால் இலக்குப் பக்கமே போகாது. மூக்குத் தட்டையான ஈயம் மட்டும்தான். குழாய் மேகசினில் பின்தோட்டாவின் மூக்கு முன்தோட்டாவின் ப்ரைமரில் (அடிபட்டால் வெடிக்கும் பொட்டு) முட்டிக்கொண்டு நிற்கும், ஞாபகம் வைத்துக்கொள்.

.44-40-இல் ஒரு நல்லது: தோட்டாக் கூட்டின் கழுத்துப் பித்தளை மெலிசு. சுடும்போது விரிந்து அறையை அடைத்துக்கொள்ளும், கரி பின்னால் அவ்வளவாக வராது.

ஆனால் வேகம் என்று வந்தால் வேறு கதை. போட்டியின் ஒரு ஸ்டேஜில் (ஒரு சுற்றில்) ரைபிளுக்கு 10 தோட்டா, இரண்டு ரிவால்வருக்கும் சேர்த்து 10, மிச்சம் ஷாட்கன். கைதேர்ந்தவன் அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுவான். அவன் லீவரை அடிக்கிற அடியை உன் கிழவன் தாங்க மாட்டான். அவன் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய மாடலை அச்சாகச் செய்யும் இத்தாலி உபெர்ட்டி, இல்லையென்றால் ஜப்பானில் செய்த புது வின்செஸ்டர். சீசனுக்கு அப்படி ஒன்று வாங்கு, இதை வருஷத்துக்கு ஒரு நாள் நிதானமாகச் சுடு.

நான் பட்டதையும் கேள். ஒரு சனிக்கிழமை கருமருந்தில் சுட்டுவிட்டு, அலுப்பில் காரிலேயே போட்டுவிட்டேன். கால்வெஸ்டன் உப்புக்காற்று. விடிந்து பார்த்தால் குழல், நம்ம கடற்கரையில் கிடக்கும் பழைய நங்கூரம் மாதிரி. அந்தக் கரி ஈரத்தை இழுக்கும். வெறும் எண்ணெய் தடவினால் போதாது. வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்று, சூட்டிலேயே காய்ந்துவிடும், பிறகுதான் எண்ணெய்.

மண்டபம் மெக்கானிக்:
காக்கா சொன்னது சரி. ஊருக்குக் கொண்டுவரும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு, பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருந்தால் மட்டும். உங்களுடையது சுடுமே! அத்தாவுக்கு வீடியோ அனுப்புங்கள்.

தொண்டித் தம்பி:
அளந்துவிட்டேன், .429. இணைப்பில் ஆட்டம் இல்லையாம். போட்டிக்கு உபெர்ட்டி சொல்லியாச்சு. ஆளுக்கு ஒரு புனைபெயர் வைக்கணுமாமே, காக்கா என்ன வைத்திருக்கிறீர்கள்?

கீழக்கரைக் காக்கா:
வாலிநோக்கம். டைமர் பிடிக்கிறவன் பாதியிலேயே திணறி 'வாலி' என்று நிறுத்திக்கொள்வான். நீ தொண்டி என்றே வை, வாயில் நிற்கும்.