கோழிகள் ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கித் தின்கின்றன: என்ன செய்வது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தென்னந்தோப்பு வீட்டில் நானும் மாமியாரும் பதினான்கு கோழிகள் வளர்க்கிறோம். பாதிக்கு மேல் பி.வி. 380 என்ற கலப்பின முட்டைக்கோழிகள், மற்றவை நாட்டுக்கோழிகள். தெருநாய்த் தொல்லையால் மாசி மாதம் முதல் அவற்றை மேய விடாமல், எட்டடிக்கு ஐந்தடிக் கம்பிவலைக் கொட்டகையிலேயே வைத்திருக்கிறோம். இப்போது நான்கு கோழிகளுக்கு வாலடியில் இறகே இல்லை. ஒன்றுக்குத் தோல் கிழிந்து இரத்தம் கசிகிறது. பிடுங்கிய இறகைக் கீழே போடாமல் விழுங்கவும் செய்கின்றன. முட்டைக்கோழித் தீவனத்தில் சரிபாதி அரிசிக் குருணை கலந்து கொடுக்கிறோம். அலகு நுனியைச் சுட்டுவிட்டால் சரியாகும் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

பதில் 1: வேலந்தாவளம்

அக்கா, அலகைச் சுட வேண்டாம். பண்ணைகளில் அதைக் குஞ்சுப் பருவத்திலேயே செய்துவிடுகிறார்கள். வளர்ந்த கோழியின் அலகில் நரம்பும் இரத்தமும் ஓடுவதால் அது வலியில் தீவனத்தையே ஒதுக்கிவிடும். தலையில் கொத்துவது யார் பெரியவர் என்ற சண்டை. ஆனால் வாலடியில் இறகைப் பிடுங்கித் தின்பது, மண்ணைக் கிளற வழியில்லாத கோழி தன் மேய்ச்சலைப் பக்கத்துக் கோழியின் முதுகில் நடத்துவது.

உங்கள் கொட்டகையில் தலைக்கு மூன்று சதுர அடிகூட வரவில்லை. நாள் முழுவதும் அடைத்து வைப்பதென்றால் நாலடியாவது வேண்டும். வெளியே வலை கட்டி மேய்ச்சல் இடமும் கொடுத்தால் இன்னும் நல்லது. அதைவிட முதலில் கவனிக்க வேண்டியது குருணை. முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் வரை புரதம் இருக்கும்; குருணையில் ஏறத்தாழ 8 தான். சரிபாதி கலந்தால் 12, 13 என்று இறங்கிவிடும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது, அதிலும் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் அதிகம். அவற்றுக்குக் குறை வந்தால் கோழி இறகைத் தேடித் தின்னத் தொடங்கும். கடலைப் புண்ணாக்கில் அந்த வகை அமினோ அமிலமான மெத்தியோனின் குறைவு என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம், எள்ளுப் புண்ணாக்கு இதற்கு நல்லது. குருணையைத் தீவனத்தில் கலக்காமல், சாயங்காலம் ஒரு கைப்பிடி மட்டும் உமிப்படுக்கையில் தூவிவிடுங்கள். பொறுக்கித் தின்னும் வேலையிலேயே அரைமணி போய்விடும். அகத்திக் கொத்தையோ முருங்கைக் கொத்தையோ கழுத்து எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால், பிடுங்கும் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளும்.

பதில் 2: மீனாட்சிபுரம்

மேலே சொன்னது அனைத்தும் சரி. ஆனால் இரத்தம் கசியும் கோழியை இன்றே பிரித்தாக வேண்டும். சிவப்பைக் கண்டுவிட்டால் சாதுவான கோழிகளும் சேர்ந்துகொள்ளும், பிறகு குடல்வரை போய்விடும். புண்ணைக் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசுங்கள். ஆழமாக இருந்தால் மிருகாசுபத்திரிக்குக் கொண்டுபோவதே நல்லது. புண் ஆறி, புது இறகு முளைத்த பிறகே திரும்பச் சேர்க்க வேண்டும், ஏனெனில் முளைக்குருத்திலும் இரத்தம் ஓடும்.

கொத்துவது எல்லாக் கோழிகளும் அல்ல, பெரும்பாலும் ஒன்றிரண்டுதான். மத்தியானம் தள்ளி உட்கார்ந்து பார்த்தால், வால் குலையாமல் பளபளவென்று இருப்பவளே கள்ளி என்று தெரிந்துவிடும். அவளைச் சில நாள் தனியே அடைத்துத் திரும்ப விட்டால், கூட்டத்தில் அவளுக்கிருந்த இடம் போயிருக்கும், கொட்டமும் அடங்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. குருணையை இன்றே நிறுத்திவிட்டேன். காயமடைந்த கோழியைக் கூடையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். செவ்வுண்ணியும் காரணமாக இருக்குமா?

பதில் 3: கோவிந்தாபுரம்

இருக்கலாம். செவ்வுண்ணி பகலில் மூங்கில் இடுக்கிலும் கட்டை வெடிப்பிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும் என்பதால் பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்துப் பயனில்லை. இரவு டார்ச்சுடன் போய், கோழி அடையும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கறை பட்டால் உண்ணி உண்டு. அப்படியானால் கட்டைகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் போட்டு, கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்த ஒரு தொட்டியை மூலையில் வைத்தால் புரண்டு குளித்துக்கொள்ளும்.

புரதத்துக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம் என்றால் கரையான் பிடியுங்கள். பழைய பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், காலையில் கோழிக்குப் போடும் அளவு ஏறியிருக்கும். வீட்டு நிலை, கொட்டகைக் கால் இவற்றிலிருந்து எட்டத் தள்ளி வையுங்கள்.