"தானாகவே" பொறுப்பு ஏற்பாராம்! எந்தப் பிரிவில் இருக்கிறது?

சட்டக்குடுக்கை: "உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி 62 வயதில் ஓய்வு பெற்றதும் அடுத்த மூத்த நீதிபதி தானாகவே பொறுப்பேற்பார், உத்தரவெல்லாம் சம்பிரதாயம்" என்று கோர்ட்டார் அளந்திருக்கிறார். அரசியலமைப்பின் 223-ஆவது பிரிவைப் படித்துவிட்டு அளக்கலாம். மற்ற நீதிபதிகளில் குடியரசுத் தலைவர் யாரை நியமிக்கிறாரோ அவர்தான். 'மூத்தவர்' என்ற சொல்லே அதில் கிடையாது.

கோர்ட்டார்: ஏட்டுச் சுரைக்காய். நடைமுறையில் மூத்தவருக்குத்தான் போகும். தானாகவேதான்.

சட்டக்குடுக்கை: 2021 நவம்பர், சென்னை. சஞ்ஜிப் பானர்ஜியை மேகாலயாவுக்கு மாற்றினார்கள். பொறுப்புத் தலைமை நீதிபதியாக வந்தவர் அலகாபாத்தில் இருந்த முனீஷ்வர் நாத் பண்டாரி. தானாகவே ரயிலேறி வந்துவிட்டாரோ?

கோர்ட்டார்: வந்ததும் இங்கே அவர்தானே மூத்தவர்! பணிமூப்பு, முதலில் நீதிபதியான தேதியை வைத்து. ஊரை வைத்து அல்ல. என் கட்சிக்குச் சாட்சி சொன்னதற்கு நன்றி.

சட்டக்குடுக்கை: மூத்தவர் என்பது வேறு, தானாகவே என்பது வேறு. 222-இல் இடமாற்றம், 223-இல் பொறுப்பு. இரண்டுக்கும் உத்தரவு போட்டுத்தான் அவரே வர முடிந்தது.

நடுவிலொருவன்: 2022 செப்டம்பர் முதல் 2023 மே வரை சென்னையில் நீதிபதி டி. ராஜா பொறுப்புத் தலைமை நீதிபதியாகவே இருந்தார், எட்டு மாதம். ஒடிசா தலைமை நீதிபதி முரளிதரை இங்கே தலைமை நீதிபதியாக அனுப்பக் கொலீஜியம் (உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகள் குழு) செய்த பரிந்துரை கிடப்பில் கிடந்து, ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. அதைப் பேசுங்களேன்.

சட்டக்குடுக்கை: அது தனிக் கதை. கேள்வி "தானாகவே".

இலக்கணக்கண்: 'பொறுப்புத் தலைமை நீதிபதி' அல்ல, 'தற்காலிகத் தலைமை நீதிபதி' என்பதே சரி.

கோர்ட்டார்: வந்துட்டாருய்யா. 'நீதிபதி'யா 'நீதியரச'ரா என்று போன வாரம் கழுத்தறுத்தவர். சரி, 2018 ஜூன். 18 எம்.எல்.ஏ. தகுதிநீக்க வழக்கு. தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி ஒரு தீர்ப்பு, எம். சுந்தர் வேறு தீர்ப்பு. பிளவைத் தீர்க்க மூன்றாவது நீதிபதியை ஒதுக்க வேண்டியவரே அமர்வில் இருந்துவிட்டார். அடுத்த மூத்தவர் குலுவாடி ரமேஷ், விமலாவை ஒதுக்கினார். எந்த அறிவிக்கை வந்தது? தானாகவே!

சட்டக்குடுக்கை: அது ஒரே ஒரு வழக்குக் கட்டில் போட்ட ஒரு கையெழுத்து. பொறுப்பு என்றால் ரோஸ்டர் மொத்தமும் கைக்கு வரும்: ரிட் யாருக்கு, கிரிமினல் அப்பீல் யாருக்கு, மதுரைக் கிளைக்கு யார் என்று எல்லாமும். ராஜஸ்தான் எதிர் பிரகாஷ் சந்த், 1998 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: தனக்கு ஒதுக்காத வழக்கை எந்த நீதிபதியும் எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் 'தானாகவே' மூத்தவர் அறிவிக்கைக்கு முன்னால் ரோஸ்டரை மாற்றட்டும். தோற்றவன் ஒவ்வொருவனும் "அந்த அமர்வுக்கு அதிகாரமே இல்லை" என்று அப்பீலுக்குப் போவான். அப்புறம், விமலாவை எடுத்துவிட்டு உச்ச நீதிமன்றம் சத்தியநாராயணனைப் போட்டதே, அதை ஏன் விழுங்கினீர்கள்?

கோர்ட்டார்: மாற்றியது விமலாவை. ரமேஷ் ஒதுக்கியது தப்பென்று எங்கே சொல்லியிருக்கிறது? வரியைக் காட்டுங்கள்.

சட்டக்குடுக்கை: முதலில் நீங்கள் 223-இல் 'தானாகவே'யைக் காட்டுங்கள்.

இலக்கணக்கண்: 'பொறுப்பு'க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.