புதுப்பிப்பு: எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) இணையத்தில் வரவில்லை என்றால்

எஃப்.ஐ.ஆரை இணையத்தில் தேடுவது பற்றிய முந்தைய இழையில் பலர் கேட்டது: "எண்ணைப் போட்டும் வரவில்லையே?"

முதலில் கையிலிருக்கும் தாளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் தருவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான், அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு. அது எஃப்.ஐ.ஆர். ஆகாது, அந்த எண்ணை வைத்து எஃப்.ஐ.ஆரைத் தேடினால் கிடைக்காது. எஃப்.ஐ.ஆரில் இருக்கும் "குற்ற எண்" வேண்டும்.

எண் சரியாக இருந்தும் இல்லையா? எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற 2016-இல் உச்ச நீதிமன்றம் விதித்த கெடு, பதிவானதிலிருந்து 24 மணி நேரம். இணைய வசதி சரியில்லாத இடங்களில் அதிகபட்சம் 72 மணி நேரம். பாலியல் குற்றம், போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றச் சட்டம்), பயங்கரவாத வழக்குகள் இணையத்தில் ஏற்றப்படாது; அது சரியானதே. மற்றவற்றை மறைக்கும் முடிவை டி.எஸ்.பி.க்குக் கீழுள்ளவர் எடுக்க முடியாது. இன்ஸ்பெக்டர் "சென்சிடிவ் கேஸ்" என்று வாயால் சொல்வது போதாது.

அப்படி நிறுத்தப்பட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் எஸ்.பி.யிடம் மனு கொடுக்கலாம். எஸ்.பி. மூன்று அதிகாரிகள் குழுவை அமைத்து, மூன்று நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். புகார்தாரருக்கு இந்த அலைச்சலே தேவையில்லை: பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 173(2)-இன்படி நகல் உடனே, இலவசமாக.

வழக்கே பதியவில்லை என்றால் 173(4): புகாரின் சாரத்தை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலன் இல்லாமல் மாஜிஸ்திரேட்டிடம் போகும்போது பிரமாணப் பத்திரத்துடன் அதையும் இணைக்க வேண்டும்.