போர் விளையாட்டு மேசைக்கு வளைந்துகொடுக்கும் பொம்மைச் சாலை செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள், வாங்க

மலைப்பாதை:
28 மி.மீ. உயரச் சிப்பாய் பொம்மைகளை வைத்து 1944 பர்மா போர்முனையை மேசையில் விரிக்கலாம் என்று இறங்கினேன். ஆசைப்பட்டது பர்மாவின் மலை ஊரான டிடிமுக்குப் போகும் சாலையில், 'சாக்லேட் படிக்கட்டு' என்ற ஏற்றத்துக்கு. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் 5ஆவது இந்திய டிவிஷன் டிடிமை நோக்கி ஏறிய வழி அது. 7 மைலில் 3,000 அடி ஏற்றம், 38 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70 இருக்கிறதே என்றார்கள் வீட்டில். அங்கே தார் போட்டாயிற்று, இது சேறு என்றேன்.

38க்கு மேசை ஏது? மூன்று வளைவு போதும் என்று தெர்மாகோலில் மலையை வெட்டினேன். முதல் சாலையை எம்.டி.எஃப். பலகையில் செய்தேன். பலகை எங்கே மலையேறும், ஒரு முனை அந்தரத்தில் நின்றது. அடுத்து காடாத்துணியில் வெள்ளை மரப்பசையும் மணலும். இரண்டு நாள் அவ்வளவு அழகு! மூன்றாம் நாள் சரிவில் மடித்து வைத்தேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது.

பிறகுதான் துணிமேல் சீலண்ட் பூசும் யோசனை வந்தது. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் பெயின்டர்கள் துப்பாக்கி வைத்துப் பிதுக்குவார்களே, அது. காய்ந்தாலும் ரப்பர் போல வளையும். ஹார்டுவேர் கடைக்காரர் "இதுதான் சார் உசத்தி" என்று சிலிக்கானைக் கொடுத்துவிட்டார். அதில் பெயின்ட் நிற்கவே இல்லை, நகம் பட்டாலே தோலாக உரிந்தது. அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்கள். மேலே பெயின்ட் அடிக்கலாம் என்று டியூபிலேயே போட்டிருக்கும்.

சுண்ணாம்பு:
அக்ரிலிக்கே வாங்கியும் எனக்குச் சுருண்டதுங்க. காலையில் பார்த்தால் சாலை முறுக்குக் குழல் மாதிரி கிடக்கு. ஈரம் போகும்போது சீலண்ட் சுருங்கி, துணியையும் சேர்த்து இழுக்குது. இப்போ கேன்வாஸ் துணியை ஒரு பலகையில் நாலு பக்கமும் ஸ்டேப்பிள் அடிச்சு இறுக்கின பிறகுதான் பூசுறேன். 2 மி.மீ. கனம், அதுக்கு மேல வேண்டாம். இரண்டு ராத்திரி தொடாம விட்டுட்டு அப்புறம் வெட்டுறேன்.

இன்னொன்று, பழுப்பு அக்ரிலிக் பெயின்டைச் சீலண்டோடயே குழைச்சிடுங்க. மேல கீறல் விழுந்தாலும் உள்ளே வெள்ளை பல்லிளிக்காது. இதை நான் கத்துக்கிட்டது மூணு சாலைக்கு அப்புறம்.

நெகிழி:
துணிக்குப் பதில் பழைய ஃப்ளெக்ஸ். கல்யாண மண்டப வாசலில் கழற்றிப் போட்டது. வழவழப்பான பரப்பில் முதல் பூச்சு அப்படியே உரிந்து வந்தது. முரட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு பிடித்துக்கொண்டது, இதுவரை தாங்குகிறது. என் சாலைக்கு அடியில் ஒரு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆறுசக்கரம்:
அகலத்தைப் பற்றி யாரும் பேசக் காணோமே. நான் 6 செ.மீ. வைத்தேன். எம்3 லீ டாங்க் நிஜத்தில் 2.72 மீட்டர், நம் 28 மி.மீ. பொம்மைகளுக்கு ஏற்ற 1/56 அளவில் ஏறக்குறைய 4.9 செ.மீ. டாங்க் போனது, எதிரே லாரி வந்ததும் ஆட்டம் நின்றது. சமவெளிக்கு 10 செ.மீ. வைத்துவிடுங்கள். மலைப்பாதைக்குக் குறுகலே சரி என்பேன், ஒதுங்க இடமில்லாமல் முழிப்பதில்தான் அந்த ஆட்டத்தின் சுவையே இருக்கிறது.

சக்கரத் தடம் வேண்டுமென்றால் ஈரச் சீலண்டில் பொம்மை லாரியை உருட்டலாம். சக்கரத்தைத் தண்ணீரில் நனைக்க மறந்தேன், சாலை அதில் சுற்றிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டது.

மலைப்பாதை:
@சுண்ணாம்பு, ஸ்டேப்பிள் வித்தை பலித்தது, நன்றி. இரண்டு வளைவு முடிந்தது. பழுப்பின் மேல் காய்ந்த பிரஷ்ஷால் வெளிர் மண் நிறம் தடவினேன், ஓரத்தில் செயற்கைப் புல். சுருட்டி வைப்பவர்கள் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள், நடுவில் பட்டர் பேப்பர் கட்டாயம். மே மாத வெயிலில் பரண்மேல் இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது ஒன்றின் புல் மற்றதில் முளைத்திருந்தது.

மூன்றாவது வளைவு இன்னும் ஈரம். நேற்று இரவு பூனை அதன்மேல் நடந்துவிட்டது. நான்கு பள்ளம். குண்டு விழுந்த இடம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.