ஸ்பேரிங்குக்கு ஹெட் கார்டு: எந்த மாடல், எந்த சைஸ்?

மருதை_சவுத்பா

வணக்கம். கிக்பாக்சிங் கிளாஸ் சேர்ந்து நாலு மாசம் ஆகுது. அடுத்த மாசத்துல இருந்து ஸ்பேரிங், அதாவது ஜோடியா மோதிப் பழகுற பயிற்சிச் சண்டை. பொதுவுல கிடக்கிற ஹெட் கார்டு வேணாம், சொந்தமா ஒண்ணு வாங்கிக்கோன்னு கோச் சொல்லிட்டார்.

கடையில நாலு மாதிரி காட்டினாங்க. நெத்தியும் காதும் மட்டும் மூடுறது ஒண்ணு. அதே மாதிரி, ஆனா கன்னத்துக்கும் மெத்தை வச்சது ஒண்ணு. மூக்குக்கு முன்னாடி குறுக்கே தடியா பார் ஓடுறது ஒண்ணு. நாலாவது, டேக்வாண்டோ பிள்ளைங்க போடுற வழவழ ஃபோம். பார் வச்சதுதான் ரொம்பப் பாதுகாப்புன்னு கடைக்காரர் அடிச்சுச் சொல்றார். நிஜமா?

தலைச் சுற்றளவு 55 செ.மீ. முடி நீளம், கொண்டை போட்டுத்தான் பயிற்சிக்குப் போறேன். கண்ணாடி மைனஸ் 2.5. பட்ஜெட் 3,000 ரூபாய்.

இன்னொண்ணு: தம்பி பத்தாவது படிக்கிறான், சிலம்பம் கத்துக்கிறான். அவனும் சீக்கிரம் கம்புச் சண்டைக்கு இறங்கப் போறான். ஒரே கார்டை ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கலாமா?

கார்னர்_ஸ்டூல்

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: வேண்டாம். காரணத்தை சிலம்பக்காரங்க யாராவது வந்து சொல்வாங்க.

இப்ப உங்க விஷயம். ஹெட் கார்டு புருவம் கிழியாம, காது வீங்காம, தலையோடு தலை மோதினா மண்டை புடைக்காம காப்பாத்தும். மூளை குலுங்குறதைத் தடுக்காது. இது தெரிஞ்சு வாங்கினா "எது தடிமன்" என்று தேட மாட்டீங்க, "எது போட்டா எனக்கு அடி வர்றது தெரியுது" என்று தேடுவீங்க. கண்ணுக்குத் தெரியாத அடிதான் ஆளைச் சாய்க்கும்.

பார் வச்ச மாடலுக்கு இடம் உண்டு. மூக்கில் பழைய முறிவு இருக்கிறவங்க, பல்லில் கம்பி போட்டவங்க, அடுத்த வாரம் கல்யாணம் வச்சிருக்கிறவங்க போடலாம். மத்தவங்களுக்கு அதில் மூணு சிக்கல். எடை கூடுது. கீழ்ப்பார்வை மறையுது, அதனால அப்பர்கட்டும் (கீழிருந்து தாடைக்கு வர்ற குத்து) லோ கிக்கும் (காலுக்கு வர்ற உதை) தாமதமாத்தான் தெரியும். ஹுக் (பக்கவாட்டிலிருந்து வர்ற குத்து) அந்த பார்ல மாட்டினா அது நெம்புகோல் மாதிரி மொத்தத் தலையையும் திருப்பிவிடும். போதாததுக்கு, மூக்கு பத்திரம்னு ஒரு தைரியம் வந்து முகத்தைக் கொடுத்தே உள்ளே போகப் பழகிடுவாங்க. அப்படியும் பார்தான் வேணும்னா, போட்டுக்கிட்டு உள்ளங்கையால பாரை முகத்தை நோக்கி அழுத்திப் பாருங்க. மூக்கில் இடிச்சா அந்த மாடல் வீண்.

உங்களுக்கு என் சிபாரிசு ரெண்டாவது மாதிரி, கன்ன மெத்தை மெல்லிசா இருக்கிறது. உச்சந்தலைக்கும் மூடி இருக்கணும். கிக்பாக்சிங்கில் ஆக்ஸ் கிக் மேலிருந்து இறங்கும், பாக்சிங் கார்டு சிலதுல உச்சி திறந்தே கிடக்கும். பின்மண்டை மெத்தையையும் தொட்டுப் பாருங்க. ஸ்வீப்பில் (காலைத் தட்டிவிடுறதில்) மல்லாந்து விழும்போது தரையில் படுறது அதுதான்.

போட்டுப் பார்க்கும் முறை. கொண்டை கூடாது. கொண்டை பின்மெத்தையைத் தள்ளும், கார்டு முன்னாடி சரிஞ்சு கண்ணை மறைக்கும். தாழ்வா ஒத்தைச் சடை பின்னி, பின்பட்டைக்குக் கீழே வெளியே விடுங்க. அந்தப் பின்னலோடவே புருவத்துக்கு ஒரு விரல் மேலே டேப்பை வச்சு அளந்துக்கோங்க. கடைக்கு கம் ஷீல்டும் (பல் காப்பு) கிளவுஸும் எடுத்துட்டுப் போங்க. கம் ஷீல்டைக் கடிச்சா தாடை அமைப்பே மாறும், கன்ன மெத்தை அப்பதான் சரியா உட்காரும்.

போட்டு, தாடைப்பட்டையை ரெண்டு விரல் நுழையும் அளவுக்கு மாட்டுங்க. ரெண்டு கையாலும் கார்டைப் பிடிச்சு இடம் வலமாத் திருகுங்க. நெத்தித் தோலும் கூடவே நகரணும். தோல் அங்கேயே நிக்க, கார்டு மட்டும் சுத்தினா சைஸ் பெருசு. ஒரு ஹுக்கில் காதுத் துளை கண்ணுக்கு வந்துடும். அடுத்து கட்டைவிரலால தாடைப்பகுதியை மேலே தூக்குங்க. முன்விளிம்பு கண்ணை மறைச்சா அப்பர்கட் வாங்கும்போதும் அதேதான் நடக்கும்.

தாடையை மார்போடு ஒட்டி, கையைத் தூக்கித் தற்காத்துக்கிற நிலையில் நில்லுங்க. தலையை அசைக்காம எதிரே நிக்கிறவர் முழங்கால் தெரியுதா? பக்கவாட்டில் கையை நீட்டி மெதுவா முன்னாடி கொண்டு வாங்க, விரல் எங்கே தெரிய ஆரம்பிக்குதுன்னு பாருங்க. கார்டைக் கழட்டிட்டு அதையே திரும்பச் செய்யுங்க. வித்தியாசம் ஒரு சாண் இருந்தா வேற மாடல் பாருங்க. கடைசியா அஞ்சு நிமிஷம் கழட்டாம நில்லுங்க. நெத்திப்பொட்டில் வலிச்சா அது போகப் போகச் சரியாகும்னு சொல்றதை நம்பாதீங்க.

காது உள்ளே மடங்காம இருக்கணும், துளையும் இருக்கணும். காதை அடைச்சு மூடின கார்டு மேல தட்டையா ஒரு அடி விழுந்தா உள்ளே சிக்கின காற்று செவிப்பறையைத்தான் அழுத்தும். கோச் கத்துறதும் கேட்காது.

பெரியமேடு_ரோடு

மேலே சொன்னது அத்தனையும் சரி. பொருள் பத்தி நான் சேர்க்கிறேன்.

நெத்தி மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்துங்க. விரல் நேரா உள்பக்க லைனிங்கைப் போய்த் தொட்டா அது ஒரே அடுக்கு மெத்து ஸ்பாஞ்ச், ஆறு மாசம் தாங்காது. நல்ல கார்டில் வெளிப்பக்கம் கொஞ்சம் கெட்டி, முகத்தோடு ஒட்டுற பக்கம் மெத்து என்று ரெண்டு மூணு அடுக்கு இருக்கும். கெட்டி அடுக்கு அடியைப் பரப்பும், மெத்து அடுக்கு வாங்கிக்கும். விட்டதும் குழி மெதுவா எழும்பணும். எழும்பாம அப்படியே கிடந்தா ஃபோம் செத்துப்போச்சு. கடையில் வருஷக்கணக்கா மூட்டைக்கு அடியில் நசுங்கிக் கிடந்த சரக்குக்கும் இது நடக்கும், அதனால டிஸ்பிளே பீஸை வாங்காதீங்க.

டேக்வாண்டோ ஃபோம் கார்டு எடை குறைச்சல், பார்வை அருமை, தண்ணியில் கழுவிடலாம். பாயின்ட் ஃபைட்டுக்கும் (தொட்டாலே புள்ளி) லைட் கான்டாக்டுக்கும் (மெதுவா அடிக்கிறது) தாராளமாப் போதும். ஆனா கன்னத்துக்குப் பெருசா ஒண்ணும் இருக்காது. அதோட ரப்பர் மாதிரி மேற்பரப்பில் கிளவுஸ் வழுக்காது, பிடிச்சு இழுக்கும், தலை கூடவே திரும்பும். நெத்தியில் துளி வாசலின் தடவுறது இதுக்கும் சேர்த்துத்தான். சானிடைசர், ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா மேல்பூச்சு வெடிச்சு செதில் செதிலா உரியும். சோப்புத் தண்ணி போதும்.

மூவாயிரத்துக்குள் உங்களுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் ரெக்சின்தான். அது குறையில்லை. வாரம் ரெண்டு நாள் ஸ்பேரிங்குக்கு நல்ல ரெக்சின், மட்டமான லெதரை விட மேல். மடிப்பு வர்ற காதுப் பக்கம் வளைச்சுப் பாருங்க, கோடு கோடா வெள்ளை விழுந்தா அங்கேதான் முதல்ல கிழியும். பட்டை சேரும் இடத்தில் தையல் ரெட்டையா இருக்கணும். பின்னாடி வெல்க்ரோ இருந்தா தனியாவே போட்டுக்கலாம், ஆனா கொக்கிப் பக்கம் வெளியே நீட்டினா உங்க சடையும் மாட்டும், எதிராளி கழுத்தும் கீறும். நாடா கட்டுற மாடல் கச்சிதமா உட்காரும், கட்டிவிட ஒரு ஆள் வேணும்.

பெட்டியில் ஏஎஸ்டிஎம் எஃப்2397 அல்லது இஎன் 13277-4 என்று அச்சிட்டிருந்தா தற்காப்புக் கலை ஹெட் கார்டுக்கான சோதனைத் தரம் அது. இரு சக்கர வாகன ஹெல்மெட்டுக்கான ஐஎஸ் 4151 இதுக்குப் பொருந்தாது. யாராவது பைக் ஹெல்மெட் ஐடியா கொடுத்தா கேட்காதீங்க. அதோட உள்ளே இருக்கிற தெர்மாகோல் ஒரே பெரிய அடிக்காகச் செஞ்சது, நசுங்கினா திரும்ப எழும்பாது. எதிராளி கையும் உடையும்.

பயிற்சி முடிஞ்சதும் பைக்குள் திணிக்காதீங்க. உள்பக்கம் ஈரத்துணியால் துடைச்சு, ஃபேன் காத்தில் வாய் மேலே பார்க்க வையுங்க. மதுரை வெயில்ல மாடியில் காயப்போட்டா ரெக்சின் ரெண்டே மாசத்தில் விறைச்சு வெடிச்சுடும்.

ரிங்சைடு_டார்ச்

கண்ணாடி பற்றி யாரும் சொல்லவில்லை. ஹெட் கார்டுக்குள் கண்ணாடி கூடவே கூடாது, பிளாஸ்டிக் லென்ஸ் என்றாலும். மைனஸ் 2.5 என்றால் சுமார் 40 செ.மீ. வரைதான் உங்களுக்குத் தெளிவு. கை நீட்டும் தூரத்தில் கொஞ்சம் மங்கும், ஆனாலும் தோள் அசைவு தெரியும். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போட்டால் மாற்று ஜோடியும் லென்ஸ் திரவமும் பையில் இருக்கட்டும். கெட்டி லென்ஸ் வேண்டாம். ஸ்பேரிங் தொடங்கும் முன் கண் மருத்துவரிடம் கண்பாப்பா விரிய மருந்து ஊற்றி விழித்திரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு விழித்திரை கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

ஹெட் கார்டு மூளை குலுங்குவதைத் தடுக்காது என்று கார்னர்_ஸ்டூல் சொன்னதற்கு ஓர் உதாரணம்: அமெச்சூர் பாக்சிங்கில் 2013 முதல் உயர்மட்ட (எலீட்) ஆண்களுக்கு ஹெட் கார்டையே எடுத்துவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமல்தான் மோதினார்கள். பெண்கள் 2024 பாரிஸிலும் போட்டிருந்தார்கள். எடுத்தபின் ஆண்களுக்கு முகத்தில் வெட்டுக்காயம் கூடியது, அதில் சந்தேகமில்லை. மூளை அதிர்ச்சி கூடியதா குறைந்ததா என்பதில்தான் இன்னும் வாதம் ஓடுகிறது. மண்டை ஓடு நின்றாலும் உள்ளே மூளை சுழல்வதை எந்த ஃபோமும் பிடித்து நிறுத்தாது.

எனவே உங்கள் கோச்சிடம் கேட்க வேண்டியது: முதல் மாதம் தலைக்கு எவ்வளவு வேகம்? இருவரும் 16 அவுன்ஸ் கிளவுஸ்தானே? தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுதல், சொன்னதையே திரும்பக் கேட்பது, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான். "தண்ணி குடிச்சிட்டு இன்னொரு ரவுண்டு" கிடையாது. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை தலையில் அடி வாங்கும் எந்தப் பயிற்சியும் வேண்டாம். வாந்தி நிற்காவிட்டால், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டால், நேரே அவசர சிகிச்சைக்கு.

மூங்கில்_கணு

தம்பிக்கு நான் சொல்றேன். கிளவுஸ் அகலமானது, கண்குழிக்குள் முழுசா நுழையாது. கம்பு முனை நுழையும். அதனால சிலம்பத்துக்கு முகம் முழுக்க மூடணும். ஓபன் கார்டைப் போட்டுக் கம்புச் சண்டைக்கு விடுறதுக்கு, விடாமலே இருக்கலாம்.

நிறைய பேர் வீட்டில் கிடக்கிற கிரிக்கெட் ஹெல்மெட்டை எடுத்துட்டு வருவாங்க. அதோட கம்பி இடைவெளி பந்தை நிறுத்தக் கணக்குப் போட்டது. பந்து குறுக்களவு ஏழு செ.மீ.க்கு மேல, கம்பு ரெண்டரை செ.மீ.தான். குத்து நேரா உள்ளே போகும். வலை போட்ட முகமூடிதான் வேணும். ஃபென்சிங் மாஸ்க் நல்லது, அதோட வலையை 12 கிலோ பஞ்ச் (துளையிடும் கூர்முனைக் கருவி) வச்சு சோதிப்பாங்க. ஆனா அது மெல்லிய வாளுக்குச் செஞ்சது. உச்சியில் கம்பு வீச்சு இறங்கினா வலை வழியா அதிர்ச்சி நேரா மண்டைக்கு வரும், பின்மண்டை திறந்தே இருக்கும். அதனால மேலே ஒரு மெத்தை உறை, பின்னாடி ஒரு மெத்தைப் பட்டை, தொண்டை மறைப்பு மூணும் சேரணும். இல்லேன்னா கிரில்லோ கண்ணாடித் தகடோ வச்ச ஃபோம் கார்டு. கிரில் ஓட்டையில் கம்பு முனையை வச்சுப் பாருங்க, சுண்டுவிரல் நுழைஞ்சாலே எனக்குப் பிடிக்காது. பாலிகார்பனேட் தகட்டைத் தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைச்சா கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அடுத்த அடியில் உடையும்.

கம்பையும் பார்க்கணும். மூங்கில் பிளந்தா கத்தி மாதிரி விளிம்பு வரும். பிரம்பு அப்படிப் பிளக்காது, முனையில் சிம்பு சிம்பாப் பிரியும், அந்தச் சிம்பு வலைக்குள்ளும் போகும். ஒவ்வொரு முறையும் ஆசான் கையில் கொடுத்து முனையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு முனைக்கும் துணி சுத்தி டேப் போட்டாத்தான் சண்டைக் கம்பு.

மருதை_சவுத்பா

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு சடை பின்னிட்டுப் போய்ப் பார்த்தேன். பின்னலோட 56. மீடியம் போட்டா திருகும்போது லேசா சுத்துது, பின்பட்டையைக் கடைசி வரை இறுக்கினா நிக்குது. ஸ்மால் நெத்தியில் அழுத்துது, ஆனா அசையலை. பழகப் பழக மீடியம் படிஞ்சுடும்னு கடைக்காரர் சொல்றார். எதை எடுக்க?

கார்னர்_ஸ்டூல்

படியும்போது ஃபோம் நசுங்கும்மா, கார்டு இன்னும் லூஸ்தான் ஆகும். இப்பவே பட்டை கடைசியில் நிக்குதுன்னா ரெண்டு மாசம் கழிச்சு இறுக்க இடமே இருக்காது. ஸ்மால்ல அழுத்தம் நெத்தி முழுக்கப் பரவலா இருந்தா அதை எடுங்க. ஒரே புள்ளியில் குத்தினா ரெண்டையும் விட்டுட்டு வேற கம்பெனி ஸ்மால் பாருங்க. ஒவ்வொருத்தர் அச்சும் வேற வேற. வட்டத் தலைக்குச் செஞ்சது நீளத் தலைக்கு நெத்தியில் குத்தும், பொட்டில் காலியா நிக்கும். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, முதல் வாரம் மாத்த வேண்டி வரலாம்.